மாஸ்டடான்: வெளியேறும் வாசலை வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு சமூக ஊடகச் சேவையைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக அதற்குள் நுழைந்தபின் கிடைக்கும் வசதிகளையே எடைபோடுகிறார்கள். செயலி எவ்வளவு வேகமாக இயங்குகிறது, படங்களும் காணொளிகளும் எப்படித் தெரிகின்றன, தெரிந்தவர்கள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பவையே வழக்கமான அளவுகோல்கள். பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் (கணக்குகளையும் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினிகள்) இணைந்து இயங்கும் சமூக ஊடகச் சேவையான மாஸ்டடானை இவற்றால் அளந்தால், சுமாருக்கு மேலே, சிறப்புக்குச் சற்றுக் கீழே என்று இரண்டே வரிகளில் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சேவை உருவானதற்கான காரணம் வேறு. மக்கள் பேசிக்கொள்ளும் இடம் ஒரே நிறுவனத்தின் சொத்தாக இருக்கக் கூடாது, இருக்கும் இடம் பிடிக்காமல் போனால் தன் தொடர்புகளைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறிடம் போவதற்குப் பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை வாக்குறுதி. எனவே, அதற்குள் நுழைவதைக் காட்டிலும் அதிலிருந்து வெளியேறுவது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே சரியான மதிப்பீடாக இருக்கும். சில ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருபவன், இடையில் சர்வர் மாறவும் நேர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த வாக்குறுதி ஒன்றும் புதியதன்று. 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி என்ற நெறிமுறையின்படி, அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகளின்படி, இயங்கும் மின்னஞ்சலில், எந்தச் சேவையில் கணக்கு வைத்திருப்பவரும் வேறெந்தச் சேவையில் இருப்பவருக்கும் எழுதலாம். 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த உலகளாவிய வலையை, 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் உரிமத்தொகை ஏதும் கேட்காமல் எல்லோருக்கும் பொதுவாக்கியது. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வரை நிறுவித் தம் பக்கத்தை வெளியிடலாம் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. அப்படித்தான் சில காலம் நடக்கவும் செய்தது. பிறகு, சர்வர் நடத்துவது தொல்லை என்பதாலும், எழுதுவது, படிப்பது, தேடுவது, பின்தொடர்வது எல்லாமே ஓரிடத்தில் செலவின்றிக் கிடைத்ததாலும், மக்கள் தாமாகவே சில பெரிய தளங்களுக்குள் குடியேறினார்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்திக் கொண்டுபோகவில்லை என்பதைப் பரவலாக்கத்தின், அதாவது வலை ஒருசில நிறுவனங்களிடம் குவியாமல் பலர் கையில் இருக்க வேண்டும் என்ற கொள்கையின், ஆதரவாளர்கள் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் குடியேற்றத்தின் விலை பின்னர்தான் தெரிந்தது. 2021 அக்டோபர் 4 அன்று, ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் வலையமைப்பில் நடந்த பராமரிப்பு வேலை ஒன்று பிசகியதால், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் ஒருசேர முடங்கின. 2023 ஜனவரியில் ட்விட்டர், வெளியார் உருவாக்கிய செயலிகளுக்குத் தந்திருந்த அணுகலை முன்னறிவிப்பின்றித் துண்டித்தபோது, பல ஆண்டுகளாக மெருகேற்றப்பட்ட ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்ற செயலிகள் பயனற்றுப் போயின. ட்வீட்பாட்டை உருவாக்கியவர்கள் அதே மாதத்தில் மாஸ்டடானுக்காக ஐவரி என்ற செயலியை வெளியிட்டார்கள். மூடிய கதவுக்கு முன் நின்று மன்றாடிக்கொண்டிருப்பதை விட, யாரும் மூட முடியாத கதவைத் தேடிப் போவது மேல் என்று அவர்கள் முடிவு செய்ததாகவே எனக்குப் படுகிறது.

மாஸ்டடானை ஜெர்மனியில் வசித்த ஓய்கன் ரோச்கோ என்ற நிரலாளர் 2016இல் வெளியிட்டார். அது ஏஜிபிஎல் உரிமத்தின்கீழ் வரும் கட்டற்ற மென்பொருள். அதை எவரும் தம் சர்வரில் நிறுவி நடத்தலாம், மாற்றலாம், ஆனால் மாற்றிய நிரலைப் பயனர்களுக்கு வெளிப்படுத்த வேண்டும். 2021இல் டொனால்ட் டிரம்ப்பின் ட்ரூத் சோஷியல் தளம் மாஸ்டடானின் நிரலை எடுத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் விட்டபோது, இந்த நிபந்தனையைச் சுட்டிக்காட்டியே மாஸ்டடான் தரப்பு கடிதம் அனுப்பியது, அந்தத் தளமும் பின்னர் மூல நிரலை வெளியிட்டது. ஆகவே ‘மாஸ்டடான்’ என்ற பெயரில் ஒரே ஒரு தளம் இல்லை. தனித்தனி ஆட்கள், சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், அரசு அமைப்புகள் ஆகியோர் நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கூட்டமைப்பே அது. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அந்த நெறிமுறையை 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக ஏற்றது. காணொளிக்கான பீர்டியூப், படங்களுக்கான பிக்சல்ஃபெட், விவாதங்களுக்கான லெம்மி ஆகியவையும் அதே நெறிமுறையைப் பேசுவதால், ஒரு மாஸ்டடான் கணக்கிலிருந்து பீர்டியூப் ஒளிவரிசையைப் பின்தொடரவும் அங்கே மறுமொழி இடவும் முடிகிறது. இந்த மொத்தக் கூட்டத்துக்கும் ஃபெடிவர்ஸ் என்று பெயர்.

கணக்குத் தொடங்குவதில்தான் முதல் தயக்கம் வருகிறது. எந்தச் சர்வரில் சேர்வது என்ற கேள்வி, இதுவரை இப்படி ஒரு கேள்வியையே சந்தித்திராத பயனருக்கு எரிச்சலூட்டுகிறது. சர்வரின் பெயர் அவருடைய முகவரியிலேயே ஒட்டிக்கொள்ளும். அங்குள்ள விதிகள் அவரைக் கட்டுப்படுத்தும். அதை நடத்துகிறவர் யார் என்பதோ பெரும்பாலும் தெரியாது. இந்தச் சிக்கலை உணர்ந்து, 2023இல் அதிகாரபூர்வச் செயலியானது புதிதாக வருகிறவர்களை மாஸ்டடான் நிறுவனமே நடத்தும் மாஸ்டடான்.சோஷியல் என்ற சர்வருக்கு இயல்பாகவே கொண்டுசேர்க்கும்படி மாற்றப்பட்டது. புதியவர்களுக்கு இது வசதிதான். ஆனால் பரவலாக்கத்தைக் கொள்கையாகக் கொண்ட ஒரு சேவை, எல்லாரையும் மிகப் பெரிய ஒரே சர்வரை நோக்கி அனுப்புவது உள்முரண். மின்னஞ்சலில் நெறிமுறை திறந்திருந்தும் பெரும்பாலான முகவரிகள் ஒருசில நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்த வசதி எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்க வேண்டியதில்லை.

அன்றாடப் பயன்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிவுகள் காலவரிசைப்படி வருகின்றன, நாம் பின்தொடராதவர்களின் பதிவுகளை முகப்பில் திணிக்கும் அல்காரிதம் இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு பதிவுக்கு இயல்பாக 500 எழுத்துகள் வரை இடம் உண்டு. உணர்வைப் பாதிக்கக்கூடிய பதிவை எச்சரிக்கை வரிக்குப் பின்னால் மறைத்து வைக்கலாம். 2022 முதல் பதிவுகளைத் திருத்தலாம். திருத்தத்தின் வரலாறும் மற்றவர்களுக்குத் தெரியும். முழு உரைத் தேடல் 2023இல் வந்தது, அதுவும் ஒப்புதல் தந்தவர்களின் பதிவுகளுக்கு மட்டும். மேற்கோள் காட்டிப் பகிரும் வசதி கேலிக்கும் கும்பல் தாக்குதலுக்கும் பயன்படும் என்று நெடுங்காலம் தவிர்க்கப்பட்டு, தன்னை யார் மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதியவரே தீர்மானிக்கும் ஏற்பாட்டுடன் 2025இல் சேர்க்கப்பட்டது. இந்தத் தயக்கங்களில் ஒரு நிதானம் இருக்கிறது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் புதியவருக்கு முகப்பு வெறுமையாகத் தெரிகிறது. யாரையும் பின்தொடராவிட்டால் எதுவும் வராது. ஹேஷ்டேகுகளைப் பின்தொடர்ந்து, அதில் எழுதுகிறவர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துத்தான் முகப்பை நிரப்ப வேண்டும். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் பெருங்கூட்டமாக வந்தவர்களில் பலர் திரும்பிப் போனதற்கு இந்த வெறுமையும் ஒரு காரணம். அப்போது மாதாந்தரப் பயனர் எண்ணிக்கை ஏறத்தாழ 25 லட்சத்தைத் தொட்டது; அடுத்த சில மாதங்களிலேயே பெருமளவு இறங்கியது.

கூட்டமைப்பு எப்படி இயங்குகிறது என்று சற்றே விளக்கினால்தான் அதன் குறைகளும் விளங்கும். வேறு சர்வரில் இருக்கும் ஒருவரை நான் பின்தொடர்ந்தால், என் சர்வர் அந்தச் செய்தியை அவருடைய சர்வருக்கு அனுப்புகிறது. அதன் பிறகு அவர் எழுதும் ஒவ்வொரு பதிவின் நகலும் என் சர்வருக்கு வந்துசேர்கிறது. அதாவது, ஒரு பதிவு ஒரே இடத்தில் இருப்பதில்லை. எழுதியவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்கள் அனைத்திலும் அதன் நகல் இருக்கிறது. இதனால் ஒரு சர்வர் முடங்கினாலும் மற்றவர்களின் உரையாடல் தொடர்கிறது. ஆனால் என் சர்வருக்கு வந்துசேராத மறுமொழிகள் எனக்குத் தெரிவதில்லை. ஒரே பதிவின் கீழ் ஒருவருக்கு இருபது மறுமொழிகளும் வேறொருவருக்கு நான்கும் தெரிவது நெடுநாள் வழக்கம். ஏற்கெனவே சொல்லப்பட்ட பதிலையே பத்துப் பேர் மறுபடி மறுபடி எழுதுவதை மாஸ்டடானில் பார்த்தவர்கள் எழுதியவர்களைக் குறைசொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் எழுதியது அவர்களுடைய திரையில் இல்லை. விடுபட்ட மறுமொழிகளைப் பிற சர்வர்களிலிருந்து தேடி எடுத்துவரும் வசதி 2025இன் இறுதியில் வந்த 4.5 பதிப்பில் சேர்க்கப்பட்டதால், இந்தக் குறை ஓரளவு தணிந்திருக்கிறது. நீக்குதலிலும் இதே சிக்கல்தான்: நான் ஒரு பதிவை நீக்கினால், நீக்கச் சொல்லும் வேண்டுகோள் பிற சர்வர்களுக்குப் போகும், அவை அதை மதித்து நடக்கும் என்ற நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை.

இனி வெளியேறுதலுக்கு வருவோம். முதலில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 2022 டிசம்பரில் ட்விட்டர், மாஸ்டடானின் அதிகாரபூர்வக் கணக்கை முடக்கியது. மாஸ்டடான் சர்வர்களுக்கான பல இணைப்புகளைப் பதிவிட விடாமல் தடுத்தது. அதே மாதம் 18 அன்று, போட்டித் தளங்களில் உள்ள தம் கணக்குகளைப் பயனர்கள் விளம்பரப்படுத்தக் கூடாது என்று ஒரு விதியையே அறிவித்துவிட்டு, எழுந்த எதிர்ப்பில் அதை உடனே திரும்பப் பெற்றது. ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த வாசகர்களிடம் ‘நான் இங்கே போகிறேன்’ என்று சொல்வதைக்கூட அந்தத் தளத்தின் உரிமையாளரால் தடுக்க முடியும் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

மாஸ்டடானில் அந்தத் தடை இல்லை என்பது மட்டுமன்று, இடம்பெயர்வது மென்பொருளிலேயே ஒரு வசதியாக இருக்கிறது. புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய கணக்கும் தன்னுடையதே என்று குறிக்க வேண்டும். பிறகு பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தைத் தொடங்க வேண்டும். உடனே பழைய சர்வர், பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்கெல்லாம் இவர் இடம் மாறிவிட்டார் என்று அறிவிக்கிறது. அவை தாமாகவே புதிய கணக்கைப் பின்தொடரத் தொடங்குகின்றன. பின்தொடர்பவர் ஒருவரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. நாம் பின்தொடர்கிறவர்கள், தடுத்து வைத்திருப்பவர்கள், சேமித்த பதிவுகள் ஆகியவற்றின் பட்டியல்களைக் கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாட்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து மீண்டும் மாற முடியாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு. நான் முதலில் சேர்ந்த சிறிய சர்வர், நடத்த ஆளில்லாமல் மூடப்போவதாக அறிவித்தபோது இவ்வழியில்தான் வெளியேறினேன். மறுநாள் பார்த்தபோது பின்தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் புதிய கணக்கில் இருந்தார்கள். கைவிடப்பட்ட சர்வர்களில் இருந்த சிலர் மட்டும் வந்துசேரவில்லை. நான் பயன்படுத்திய வேறெந்தப் பெரிய சமூக ஊடகத்திலும் இது நடக்காது. வாக்குறுதியின் இந்தப் பாதிக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

மறுபாதிதான் இடிக்கிறது. பின்தொடர்பவர்கள் வருவார்கள், பதிவுகள் வரமாட்டா. பழைய பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இறக்கிய கோப்பைப் புதிய சர்வரில் ஏற்ற வழியில்லை. பதிவின் முகவரி பழைய சர்வரின் டொமைனோடு (அதன் இணைய முகவரிப் பெயரோடு) பிணைந்திருப்பதே இதற்குக் காரணம். அந்தச் சர்வர் மூடப்பட்டதும், பிறர் நம் பதிவுகளுக்குக் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போகின்றன. குடிமாறுகிறவரோடு உறவினர்கள் எல்லாரும் கூடவே வந்துவிட, வீட்டுச் சாமான்கள் மட்டும் பூட்டிய வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுவது போன்ற நிலை இது. அரட்டைக்காக எழுதுகிறவருக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாமல் இருக்கலாம். நீண்ட தொடர் பதிவுகளாகக் குறிப்புகள் எழுதி வைத்திருப்பவருக்கு அது உழைப்பின் இழப்பு.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: இடமாற்றம் நடக்கப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும், அதை நடத்துகிறவர் நம்மை அதற்குள் நுழைய விட வேண்டும். முன்னறிவிப்போடு மூடப்படும் சர்வரிலிருந்து வெளியேறலாம். ஓர் இரவில் வன்வட்டு பழுதாகி மறையும் சர்வரிலிருந்து வெளியேற முடியாது. இதற்காகவே மாஸ்டடான் தரப்பு, தன் இணையத்தளத்தில் பட்டியலிடும் சர்வர்களுக்கு ஓர் உடன்பாட்டை வைத்திருக்கிறது: தினமும் காப்புநகல் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு நிர்வாக அணுகல் உள்ள இன்னொருவர் இருக்க வேண்டும், மூடுவதாக இருந்தால் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே பயனர்களிடம் சொல்ல வேண்டும், இனவெறி போன்றவற்றுக்கு எதிராக மட்டுறுத்தல் (தகாத பதிவுகளைக் கண்காணித்துக் கட்டுப்படுத்துவது) செய்ய வேண்டும். நல்ல உடன்பாடு. ஆனால் பட்டியலில் இல்லாத சர்வர்களை அது கட்டுப்படுத்தாது, பட்டியலில் இருப்பவர்களும் சொன்ன சொல்லால் மட்டுமே கட்டுப்பட்டவர்கள். பெரிய பெயர் இருந்தால் நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது: ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, தான் தொடங்கிய மாஸ்டடான் சர்வரை 2024 டிசம்பரில் மூடிவிட்டது.

டொமைன் பெயரும் தனி அபாயம். ஆப்கானிஸ்தானுக்குரிய ‘.ஏஎஃப்’ என்று முடியும் டொமைனில் இயங்கிவந்த ஒரு மாஸ்டடான் சர்வர், 2024 பிப்ரவரியில் தாலிபன் அரசு அந்த டொமைனை முடக்கியதும் முகவரியை இழந்தது. மாலி நாட்டுக்குரிய ‘.எம்எல்’ டொமைன்களின் நிர்வாகம் 2023 ஜூலையில் அந்நாட்டு அரசின் கைக்கு மாறியபோது, அதில் இயங்கிய லெம்மி சர்வர் ஒன்றுக்கும் இதே கதிதான். சர்வர்கள் எத்தனை ஆயிரமாகப் பரவிக் கிடந்தாலும், அவற்றை அடையாளம் காட்டும் டொமைன் பெயர் முறை மேலிருந்து கீழாகப் பகிர்ந்தளிக்கப்படும் அதிகார அடுக்காகவே இருக்கிறது. பரவலாக்கப்பட்ட வலை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அதில் எந்த அடுக்கு பரவியிருக்கிறது, எது இன்னும் ஒரே கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சர்வர் நிர்வாகியின் அதிகாரத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெரிய தளத்தில் தொலைவில் இருந்த அதிகாரம், இங்கே மிக அருகில் வந்துவிடுகிறது. நிர்வாகி நினைத்தால் ஒரு கணக்கை நீக்கலாம். ஒரு முழுச் சர்வரோடு உள்ள தொடர்பையே துண்டிக்கலாம். தனிப்பட்ட செய்திகள், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படாதவை. ஆகையால் இரு பக்கத்துச் சர்வர்களின் நிர்வாகிகளும் விரும்பினால் அவற்றைப் படிக்க முடியும். இரகசியமாகப் பேச வேண்டியவற்றை மாஸ்டடானில் பேசாதீர்கள் என்பதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

சர்வர்களைத் துண்டிக்கும் அதிகாரம் நல்ல வகையிலும் பயன்பட்டிருக்கிறது. வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்பெற்ற கேப் தளம் 2019இல் மாஸ்டடான் நிரலுக்கு மாறியபோது, அதை யாராலும் தடுக்க முடியவில்லை; நிரல் எல்லோருக்கும் பொது. ஆனால் ஏராளமான சர்வர்கள் தத்தம் முடிவாக அதைத் தடுத்துவிட்டன, சில செயலிகள் அதில் உள்நுழைவதையே மறுத்தன, கேப் தனித்துவிடப்பட்டது. மையமான தணிக்கையாளர் இல்லாமலே ஒரு சமூகம் தன் எல்லையை வகுத்துக்கொண்டது. மெட்டா நிறுவனத்தின் சமூக ஊடகமான த்ரெட்ஸ் 2023 டிசம்பரில் ஆக்டிவிட்டிபப் சோதனையைத் தொடங்கியபோது இந்த ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. கோடிக்கணக்கானவர்களோடு பேச வழி பிறக்கிறது என்று சிலர் வரவேற்றார்கள். எதிலிருந்து தப்பி வந்தோமோ அதுவே பின்வாசல் வழியாக வருகிறது என்று சிலர் தம் சர்வர்களில் அதைத் தடுத்தார்கள். இதன் விளைவு, ஒரு பயனர் யாரோடு பேச முடியும் என்பது அவர் எந்தச் சர்வரில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. அந்த முடிவை எடுக்கும்போது பெரும்பாலான சர்வர்களில் பயனர்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் வேறு சர்வருக்குப் போகலாம் என்பதே பதில். அதனால்தான் வெளியேறும் வாசல் இவ்வளவு முக்கியமாகிறது.

மட்டுறுத்தும் சுமையும் அப்படியே பரவலாகிறது. சிறுவர் பாலியல் வன்முறைப் படங்களைத் தானாகக் கண்டறியும் கருவிகள் பெரிய தளங்களிடம் இருக்கின்றன. ஓய்வு நேரத்தில் சர்வர் நடத்தும் தன்னார்வலரிடம் இருப்பதில்லை. ஸ்டான்ஃபோர்ட் இணைய ஆய்வகம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, பரவலாக்கப்பட்ட சமூக ஊடகங்களில் இத்தகைய படங்கள் பரவுவதைச் சுட்டிக்காட்டி, கூட்டமைப்புக்குப் பொதுவான கண்டறியும் கருவிகள் தேவை என்று வலியுறுத்தியது. பரவலாக்கத்தைக் கொண்டாடும் கட்டுரைகள் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன, அது நேர்மையன்று.

பணம் பற்றியும் ஒரு சொல். பயனருக்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை என்றால் செலவை யாரோ ஏற்கிறார்கள் என்று பொருள். பிற சர்வர்களிலிருந்து வரும் படங்களின் நகல்களையும் வைத்திருக்க வேண்டியிருப்பதால், பயனர் சிலரே இருக்கும் சர்வருக்கும் சேமிப்பிடம் வேகமாக நிறைகிறது. பெரும்பாலான சர்வர்கள் நன்கொடையில் ஓடுகின்றன; பல, நடத்துகிறவரின் சொந்தப் பணத்திலும் தூக்கத்திலும் ஓடுகின்றன. சிக்னல் செயலியை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக், 2022 ஜனவரியில் பிளாக்செயின் என்ற பகிர்ந்த பதிவேட்டு முறையைச் சார்ந்த, வெப்3 எனப்படும் வலைத் திட்டத்தை விமர்சித்து எழுதியபோது, மக்கள் தாமே சர்வர் நடத்த விரும்புவதில்லை, இனியும் விரும்பப்போவதில்லை என்று வாதிட்டார். மாஸ்டடான் அந்த வாதத்தைப் பொய்யாக்கவில்லை. எல்லாரும் நடத்த வேண்டாம், சில ஆயிரம் பேர் நடத்தினால் போதும் என்ற இடைப்பட்ட வழியைக் காட்டியிருக்கிறது. அந்தச் சில ஆயிரம் பேரின் சோர்வுதான் இச்சேவையின் உண்மையான பலவீனம் என்பது என் கணிப்பு.

மாற்று வழிகளோடு ஒப்பிடாமல் மதிப்பீடு முழுமையாகாது. ட்விட்டரின் உள்திட்டமாக 2019இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கை என்ற சமூக ஊடகம், வெளியேறும் வாசலைத் தாளில் இன்னும் சிறப்பாகவே வரைந்திருக்கிறது. அதன் ஏடி நெறிமுறையில் பயனரின் அடையாளம் சர்வரோடு பிணைக்கப்படாததால், பதிவுகளையும் பின்தொடர்பவர்களையும் சேர்த்தே வேறு சர்வருக்குக் கொண்டுபோகலாம். சொந்த டொமைனையே பயனர் பெயராக வைத்துக்கொள்ளலாம். மாஸ்டடானில் இடிக்கும் மறுபாதியை அது தீர்த்துவிட்டது. ஆனால் நடைமுறையில் மிகப் பெரும்பான்மைக் கணக்குகள் அந்த ஒரு நிறுவனத்தின் சர்வர்களிலேயே இருக்கின்றன. அடையாளங்களைப் பதிந்து வைக்கும் பட்டியலையும் அந்த நிறுவனமே தொடங்கி நடத்தி வந்திருக்கிறது. வாசல் அகலமாக இருக்கிறது, வெளியே போய்த் தங்க இடம்தான் குறைவு. ஹுவான் பெனட் தொடங்கிய புரோட்டோகால் லேப்ஸ் 2015இல் வெளியிட்ட ஐபிஎஃப்எஸ், கோப்பை அது இருக்கும் இடத்தால் அன்றி உள்ளடக்கத்தால் அடையாளம் காணும் முறை. 2017இல் துருக்கி அரசு விக்கிப்பீடியாவைத் தடுத்தபோது துருக்கி மொழி விக்கிப்பீடியாவின் நகல் அதில் வைக்கப்பட்டது குறிப்பிடத்தக்க பயன். ஆனாலும் யாராவது ஒருவர் அந்தக் கோப்பைத் தொடர்ந்து வைத்திருந்தால்தான் அது நிலைக்கும். மேலும், அது உரையாடலுக்கான இடமன்று. மாஸ்டடானுக்குப் பதிலாக அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். செய்தி உடனுக்குடன் வேண்டுகிறவர்களும், பெருங்கூட்டத்தின் முன் பேச விரும்புகிறவர்களும் ஏமாற்றமடைவார்கள். ஒரு துறையில் ஆழ்ந்து உரையாட விரும்புகிறவர்களுக்கு, குறிப்பாக ஆய்வாளர்கள், நிரலாளர்கள், கலைஞர்கள் ஆகியோருக்கு, இதைவிட அமைதியான இடம் இப்போது எனக்குத் தெரிந்து இல்லை. சேர்வதற்கு முன் சர்வரின் அறிமுகப் பக்கத்தைப் படித்து, நிர்வாகிகள் ஒருவருக்கு மேற்பட்டவரா, செலவுக் கணக்கைப் பொதுவில் வைக்கிறார்களா, எந்தெந்தச் சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். சேர்ந்தபின், பட்டியல் கோப்புகளை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சர்வர் போனபின் அவற்றைத் தர யாரும் இருக்க மாட்டார்கள். நிலைத்திருக்க வேண்டும் என்று கருதி எழுதுவதை மாஸ்டடானில் எழுதாமல், சொந்த டொமைனில் ஒரு வலைப்பதிவு தொடங்கி அதில் எழுதலாம். வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் இதற்கென்றே ஆக்டிவிட்டிபப் செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) இருக்கிறது. அதை நிறுவினால் வலைப்பதிவையே மாஸ்டடான் பயனர்கள் தம் கணக்கிலிருந்து பின்தொடரலாம், அவர்கள் இடும் மறுமொழிகளும் வலைப்பதிவிலேயே பின்னூட்டங்களாக வந்துசேரும், வலைப்பதிவின் சர்வரை மாற்றினாலும் டொமைன் நம்மிடம் இருக்கும்வரை பழைய இணைப்புகள் வேலை செய்துகொண்டிருக்கும்.